அழுகையைக் கேட்காத செல்கள்

செத்திருக்க வேண்டிய செல்கள் அன்று காலை உயிரோடு இருந்தன.

ஜெபராஜ் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்து, மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைத்து, மறுபடியும் குனிந்து பார்த்தான். பிறகு அடுத்த அறைக்குக் கேட்கும்படி கூப்பிட்டான்.

"யக்கா! இங்க கொஞ்சம் வாங்க. நான் முழிச்சிருக்கேனா, இல்ல இன்னும் தூங்கிட்டுதான் கெடக்கேனான்னு பாத்துச் சொல்லுங்க."

நித்திலா கையுறையை மாட்டிக்கொண்டே வந்தாள். கோவைக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். நாசரேத்துக்காரனான ஜெபராஜ் அங்கே நோயாளிகளின் தோலிலிருந்து நரம்புச் செல்களை வளர்ப்பவன். அந்தச் செல்களுக்குள் இருக்கும் புரதங்களைப் படிப்பது அவள் வேலை.

"ஒன்பதாம் நம்பர்" என்றான் ஜெபராஜ், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

நோயாளிகளுக்கு அங்கே பெயர் கிடையாது, எண்தான். ஆனாலும் ஒன்பதாம் நம்பர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். நித்திலாவின் கணவன் மாதேஷ்.

அவள் குனிந்து பார்த்தாள். போன வாரம்வரை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கருப்புக் கருப்பாக முடிச்சுகள் இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. செல்கள் மெல்லிய கிளைகளை நீட்டி, பக்கத்துச் செல்களைத் தொட்டுக்கொண்டு, மழைக்குப் பிறகு துளிர்த்த செடிகளைப் போலக் கிடந்தன.

புரதம் என்பது மணிகள் கோத்த நீண்ட சரம். செல்லுக்குள் பிறந்தவுடன், யாரும் சொல்லித்தராமல், கண் சிமிட்டும் நேரத்துக்குள் அது தனக்குரிய உருவத்துக்கு மடிந்துகொள்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்த நாளில் நித்திலா மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள். ஆயிரம் கைகள் சேர்ந்தாலும் மடிக்க முடியாததை, கையே இல்லாத ஒன்று தானாக மடித்துக்கொள்கிறதே என்ற பிரமிப்பு இத்தனை வருடம் கழித்தும் அவளுக்கு அடங்கவில்லை.

மாதேஷின் குடும்பத்தில் ஒரே ஒரு புரதம் கடைசி மடிப்பில் தடுமாறும். தடுமாறியவை ஒன்றோடொன்று சிக்கி முடிச்சாகும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் முதலில் விரல்கள் போகும், பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு. அந்தக் குடும்பத்தார் அதைக் கைவாட்டம் என்பார்கள். மாதேஷின் அப்பா அதில்தான் போனார். பள்ளியொன்றில் டேபிள் டென்னிஸ் கோச்சாக இருந்த மாதேஷுக்கு வலது கை விழுந்து இரண்டு வருடமாகிறது. இப்போது இடது கையால் ஆடிக்கொண்டிருந்தான்.

"நம்ம மருந்து வேல செஞ்சிருச்சா?" நித்திலா கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"அதுதான் கூத்து. மருந்து ஊத்தின தட்டும் தெளிஞ்சிருக்கு. மருந்தே ஊத்தாத தட்டும் தெளிஞ்சிருக்கு."

கூடத்தின் தலைவி ருக்சானா மேடம் வந்து இரண்டு தட்டுகளையும் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"ரெண்டும் தெளிஞ்சா அது மருந்து இல்ல, ஏதோ கலப்படம். யாரோட கையிலயிருந்தோ வாயிலயிருந்தோ ஏதோ விழுந்திருக்கு. கொதிக்க வச்சுக் கொட்டிடுங்க."

"ஒரு சொட்டு மட்டும் எடுத்துக்கறேன் மேடம். தராசுல போட்டுப் பாத்துட்டுக் கொட்டிடலாம்."

புரதங்களைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் எடைபோட்டு இனம் காணும் இயந்திரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் தராசு. அந்தத் தொழிலில் பெரிய தொல்லை, வேலை செய்கிறவர்கள்தான். ஒரு தோல் துணுக்கு, ஒரு எச்சில் திவலை போதும், தராசு அதையும் சேர்த்து எடைபோட்டுவிடும். அதனால் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே ரத்தமும் எச்சிலும் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முடிவிலிருந்தும் கணினி நிரல் அவர்களைக் கழித்துவிடும். இன்னொரு வழக்கமும் உண்டு. செல்களுக்கு உணவாக ஊற்றும் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, வெளியில் வாங்குவதில்லை. விடுதியில் சமையல் முறை வைத்துக்கொள்வதுபோல, வாரம் ஒருவர் முறை வைத்து ரத்தம் கொடுப்பார்கள். போன வாரம் நித்திலாவின் முறை.

"உங்க ரத்தத்துலதான் ஏதோ இருக்கு. என்னத்தக்கா சாப்பிட்டிய?"

"உன் மூளையை. ருசியே இல்ல."

தராசு ஓடி முடிந்தது. எல்லோரையும் கழித்த பிறகும், புரதத்துக்கு ஒன்றாக எழும் கோபுரங்களில் ஒன்று மட்டும் திரையில் தனியாக நின்றது. கூடத்தில் இருந்த ஒவ்வொருவரையும், பெருக்க வருகிறவர் உட்பட, மறுபடி சோதித்தார்கள். வேறு யாரிடமும் அது இல்லை. போன வாரம் நித்திலா கொடுத்த சீரத்தில் அது இருந்தது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் கொடுத்த ரத்தத்தில் இல்லை. அவள் ரத்தத்தில் வந்தது. ஆனால் அவளுடையது அல்ல.

ருக்சானா மேடம் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இது வளர்ந்த மனுஷங்க செய்யுற புரதமே இல்ல. ஆனா இதுக்கான ஜீன் நம்ம எல்லாருக்குள்ளயும் இருக்கு, தூங்கிட்டு இருக்கு. சிக்கின சரத்தைப் பிடிச்சு, பிரிச்சு, திருப்பி மடிச்சு விடுது." திரையைக் காட்டினார். "ரெண்டு தினுசா வருது பாருங்க. ஒரே ஒரு மணிதான் வித்தியாசம். ஒரு தினுசு நித்திலாவோட ஜீனோட பொருந்துது. இன்னொண்ணு ஒன்பதாம் நம்பரோட ஜீனோட."

"ரெண்டு பேரோடதும் கலந்துருச்சா மேடம்?" என்றான் ஜெபராஜ்.

"கலக்கல. ரெண்டும் சரிபாதி. ஒரே ஆளோடது. உள்ள இவங்க ரெண்டு பேரையும் பாதிப் பாதியா வச்சிருக்கிற ஒரே ஆள்."

"அப்படி ஒரு ஆளு நம்மகிட்ட இல்லியே மேடம்."

ருக்சானா மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நித்திலாவைப் பார்த்தார்.

"இருக்காங்க" என்றார் மெதுவாக.

நித்திலாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கை தானாக வயிற்றைத் தொட்டது. அவள் உடம்புக்குள், அவளுக்கே தெரியாமல், இன்னும் முகமே வராத ஒன்று உட்கார்ந்துகொண்டு, இத்தனை பேர் இத்தனை வருடம் தேடிய மருந்தைச் செய்துகொண்டிருந்தது.

அவளும் மாதேஷும் குழந்தை வேண்டாமென்று பேசி முடித்திருந்தார்கள். நோய் பிள்ளைக்குப் போவதற்குச் சரிபாதி வாய்ப்பு. அந்தக் காசைச் சுண்டிப் பார்க்க இருவருக்கும் தைரியமில்லை.

வேறு பல பிள்ளைத்தாய்ச்சிகளின் ரத்தத்தையும் வரவழைத்துத் தராசில் போட்டார்கள். ஒருவரிடமும் அந்தக் கோபுரம் இல்லை. அது என்ன சொல்கிறதென்று ருக்சானா மேடம் வாயைத் திறப்பதற்குள் நித்திலா கையை உயர்த்தினாள்.

"சொல்லாதீங்க மேடம். எனக்கே தெரியுது. நோய் இல்லாத புள்ளைக்கு இந்தப் புரதம் தேவையில்ல."

"ம்."

"அதுக்கு நோய் இருக்கு. அதனாலதான் மருந்து செய்யுது."

ருக்சானா மேடம் எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. இந்தப் புரதம் எப்படி ஆரம்பிக்குது, எப்ப நிக்குதுன்னு தெரிஞ்சா ஒரு நோயையே முடிச்சிடலாம். எனக்கு எவ்வளவு ஆசை இருக்கும்னு உனக்குத் தெரியும். ஆனா ஆராய்ச்சிக்காக ஒரு புள்ளைய வச்சுக்கோன்னு நான் என் வாயால சொல்லமாட்டேன். வேண்டாம்னும் சொல்லமாட்டேன். இன்னும் நேரமிருக்கு. வீட்டுக்குப் போ."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்குப் போனாள். மாணவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். மாதேஷ் தரையில் சிதறிக் கிடந்த பந்துகளை இடது கையால் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னுங்க அம்மிணி, அதிசயமா இந்தப் பக்கம்?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு தெளிந்ததைச் சொன்னபோது அவன் சிரித்தான். குழந்தை என்றபோது சிரிப்பு நின்றது. அதற்கும் நோய் இருக்கிறது என்றபோது கூடையை நகர்த்தி வைத்துவிட்டு மேசை ஓரத்தில் உட்கார்ந்தான்.

"நாம பேசி முடிச்சதுதானே."

"ஆமாங்க."

"எனக்கு மருந்து கெடைக்கும்னு நீ அதைப் பெத்துக்கறதா இருந்தா வேண்டாம். நாளைக்கு அது வளந்து, எதுக்கப்பா என்னைப் பெத்தீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது? எனக்கு மாத்திரை வேணும்னு பெத்தோம்னா?"

"உங்களுக்காக இல்லைங்க." அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். "அது இன்னும் விரல் நகம் அளவுகூட இருக்காது. மூளை இல்ல, கண்ணு இல்ல. ஆனா தனக்குள்ள ஒரு சரம் தப்பா மடியுதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. தானே அவுத்து, தானே திருப்பி மடிச்சுக்குது. நாங்க எல்லாம் படிச்சுப் படிச்சு முடியாதத. அப்படிப்பட்ட ஒண்ண எனக்குப் பாக்கணும். மருந்து கெடச்சாலும் கெடைக்காட்டியும்."

மாதேஷ் ஒரு பந்தை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினான்.

"அப்ப நானும் எங்கம்மா வயித்துல இருந்தப்ப..."

"செஞ்சிருப்பீங்க. உங்கப்பாவும்தான். உங்க குடும்பத்துல நோய் வந்த எல்லாரும்."

"அப்புறம் ஏன் விட்டேன்?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் யாருமே அதை அப்படிக் கேட்கவில்லை.

"தெரியலீங்க. பொறந்தப்ப மறந்திருப்பீங்க."

அவன் பந்தைத் தரையில் தட்டினான். அது எகிறி எகிறி, சத்தம் தேய்ந்து, சுவரோரம் போய் நின்றது.

"சரி. ஆனா ஒரு கண்டிஷன்" என்றான். "புள்ளைக்கு இடது கைப் பழக்கம் இருந்தா இப்பவே சொல்லிப்போடு, டீமுக்கு ஆள் வேணும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

அவன் அம்மா அங்காத்தாள் அவர்களோடுதான் இருந்தாள். செய்தியைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லாமக் கட்டி வெச்சாங்க கண்ணு. இப்படி ஒரு நோவு இருக்குதுன்னு தெரியாமயே பெத்தேன். நீ தெரிஞ்சே கட்டிக்கிட்ட, தெரிஞ்சே பெத்துக்கற. உனக்கு என்ன நெஞ்சழுத்தமோ போ." பிறகு குரலை மாற்றி, "புளி போட்டுக் கொழம்பு வெக்கட்டுமா?" என்றாள்.

குழந்தை ஒரு மழைக்காலக் காலையில் பிறந்தது. பிறக்கும்போது தொப்புள் கொடியிலிருந்து ரத்தம் எடுத்துக்கொள்ள மருத்துவர் ஒப்புக்கொண்டிருந்தார். ருக்சானா மேடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: குழந்தையை அழவைப்பதை, நாம் ரத்தம் எடுப்பதற்காக ஒரு நொடிகூடத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போடவில்லை. வந்ததும் வராததுமாகக் கூரையைப் பிய்த்துக்கொண்டு அழுதது. பெண் குழந்தை. வெளியே ஐஸ் பெட்டியோடு நின்ற ஜெபராஜ், "தொண்ட மட்டும் மேடத்தப் போலவே இருக்கு" என்றானாம்.

கொடி ரத்தத்தில் கோபுரம் வானளவு நின்றது. மறுநாள் குதிகாலில் குத்தி எடுத்த சொட்டில் அது இல்லவே இல்லை. ஒரே நாளில் உடம்பு முழுவதும் விளக்கை அணைத்ததுபோல நின்றுவிட்டிருந்தது. அணைத்தது எதுவென்று கண்டுபிடிக்கச் சில மாதங்கள் ஆயின. மூச்சு. முதல் அழுகையோடு உள்ளே போன முதல் காற்று. நீ பிறந்துவிட்டாய் என்று அந்தக் காற்று ரத்தத்தின் வழியே ஒவ்வொரு செல்லுக்கும் போய்ச் சொல்கிறது. செல்கள் கருவறைக் கால வேலைகளையெல்லாம் கட்டி வைத்துவிடுகின்றன. இந்த வேலையையும் சேர்த்து.

உலகத்தில் பிறந்த எல்லோரும் அழுதோம். அழுத அந்தக் கணத்தில் எதையோ மறந்தோம். நித்திலா பால் கொடுக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வாள்.

ஆனால் மறந்ததை நினைவூட்ட முடியவில்லை. வளர்ந்த செல்களிடம் நீ இன்னும் பிறக்கவில்லை என்று சொன்னால் அவை நம்ப மறுத்தன. புரதத்தை வெளியே செய்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் மடித்துவிடும் அந்தப் புரதம், தான் மட்டும் சரியாக மடியவில்லை. மாதேஷின் இடது கையும் விழுந்தது. பேச்சு குழற ஆரம்பித்தது. மகளை அவன் மடியில் வைத்தால் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நித்திலா வேலைக்குத் திரும்பிய பிறகு, ரத்தம் கொடுக்கும் முறை அவளுக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து ஜெபராஜ் தட்டும் கையுமாக அவள் மேசைக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

"யக்கா, தப்பா நெனைக்காதிய. மறுபடியுமா?"

"என்ன மறுபடியும்?"

"தட்டு தெளிஞ்சிருக்கு."

"போடா. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

உண்மையிலேயே ஒன்றுமில்லை. சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் அவள் ரத்தத்தில் அந்தக் கோபுரம் நின்றது, சிறியதாக, விடாப்பிடியாக. ருக்சானா மேடம் திரையின் முன்னால் உட்கார்ந்தவர் தானாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

"எவ்வளவு பழைய விஷயம்! எல்லாரும் படிச்சதுதான். வயித்துல இருக்கும்போது புள்ளையோட செல்லு கொஞ்சம் அம்மா உடம்புக்குள்ள வந்துடும். எலும்பு மஜ்ஜை, ஈரல், இதயம், எங்க வேணா போய்த் தங்கிக்கும். புள்ள பொறந்து வெளிய போயிடும், அதுங்க போகாது. அம்மா சாகிற வரைக்கும் இருக்கும்."

"அதுங்க ஏன் நிறுத்தல மேடம்?"

"அழுதது புள்ளதானே? இதுங்களுக்கு யாரு சொன்னா?" அவர் குரல் இறங்கியது. "பொறந்த சேதி இதுங்களுக்கு வந்து சேரவே இல்ல நித்திலா. இதுங்களப் பொறுத்தவரைக்கும் உன் பொண்ணு இன்னும் பொறக்கல."

நித்திலா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் தவழ்ந்துகொண்டிருக்கும் மகள், இன்னும் பிறக்காமல் இந்தக் கைக்குள்ளும் எங்கோ இருக்கிறாள்.

"இதை அவருக்குக் கொடுக்க முடியுமா?"

மேடத்தின் சிரிப்பு அடங்கியது. "இது சொட்டும்மா. தட்டுக்குப் போதும், ஒரு ஆளுக்குப் போதாது. அந்த செல்லுங்க மெதுவாத்தான் பெருகும். இருபது முப்பது வருஷம் போச்சுன்னா மஜ்ஜை பூரா பரவி, வேணுங்கிற அளவு கிடைக்கலாம்."

அவ்வளவு நாள் மாதேஷிடம் இல்லை. அது மூவருக்கும் தெரியும். ஜெபராஜ் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் கதவைத் திறந்தபோது நித்திலா எழுந்து நின்றுவிட்டாள்.

"மேடம், மாதேஷோட அம்மா ரத்தம் நம்மகிட்ட இருக்கா?"

தேடினார்கள். இல்லை. அந்தக் குடும்பத்தில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்ததாகத்தான் அவர்கள் இத்தனை நாளும் நினைத்திருந்தார்கள். குலதெய்வக் கோயிலில், ஒரே குலத்தவரான கூட்டத்தார் அத்தனை பேரும் கூடிய நாளில், ருக்சானா மேடமே போய் உட்கார்ந்து எடுத்த ரத்தம் அது. அப்பன், பெரியப்பன், சித்தப்பன், அவர்கள் பிள்ளைகள் என்று கூட்டத்தில் பிறந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கட்டிக்கொண்டு வந்த பெண்கள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். "அவங்கெல்லாம் வேற கூட்டமுங்க, அவங்களுக்கு இந்த நோவு இல்லீங்க" என்று ஒருவர் சொன்னார். விஞ்ஞானத்துக்கும் அது சரியாகவே பட்டது. நோய் இல்லாதவர்களிடம் எதைத் தேடுவது? அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள், அந்தக் கூட்டத்தின் அம்மாக்கள் அத்தனை பேரையும்.

அன்றே வீட்டுக்குப் போய் நித்திலா மாமியாரின் கையில் ஊசி குத்தினாள். அங்காத்தாள் பேத்தியை இடுப்பை விட்டு இறக்காமலே கையை நீட்டினாள்.

"எனக்கென்ன கண்ணு, கல்லாட்டம் இருக்கறேன். என்ற ரத்தத்துல என்ன கெடக்குது?"

"பாத்துட்டுச் சொல்றேங்க அத்தை."

தராசு அதைச் சொன்னபோது கூடத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. கோபுரம் திரையின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது. கொடி ரத்தத்தில் பார்த்த அளவுக்குச் சற்றும் குறையாமல். இரண்டு தினுசு, சரிபாதி. ஒன்று அங்காத்தாளுடையது. மற்றொன்று, எப்போதோ இறந்துபோன அவள் கணவனுடையது. ஜெபராஜ் மட்டும் தனக்குத்தானே பேசுவதுபோல, "ஆண்டவரே" என்றான்.

சாயங்காலம் அங்காத்தாள் மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நித்திலா இருவருக்கும் முன்னால் தரையில் உட்கார்ந்து, மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். மாதேஷ் பிறந்தபோது அவனில் கொஞ்சம் அம்மாவிடமே தங்கிவிட்டது. அந்தக் கொஞ்சம், தான் பிறந்ததே தெரியாமல், அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூட நிறுத்தாமல் மருந்து செய்துகொண்டிருக்கிறது. அத்தையின் உடம்பு முழுக்க அது இருக்கிறது. அதிலிருந்து பிரித்தெடுத்து அவருக்குக் கொடுக்கலாம். அவருக்கும், நாளை தேவைப்பட்டால் பாப்பாவுக்கும்.

மாதேஷின் வாய் கோணியது. "அப்ப... நா... இன்னும் உள்ளதா... இருக்கனா?" என்று குழறினான். அம்மாவைப் பார்த்து, "வாடகை... குடுக்கல" என்றான். அது சிரிப்பு என்று நித்திலாவுக்குத் தெரிந்தது.

அங்காத்தாள் சிரிக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவள் கண்கள் சுவரில் எதையும் பார்க்காமல் நின்றன.

"அப்படீன்னா கண்ணு, இவுங்கப்பா கெடையாக் கெடந்தாரே. ரெண்டு வருசம். நாந்தான் பக்கத்துலயே கெடந்தேன். தண்ணி எறங்காமப் போயிட்டாரு." அவள் நிறுத்தி, தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "அன்னிக்கும் இது எங்கிட்ட இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். நித்திலாவுக்குப் பொய் வரவில்லை.

"இருந்துச்சுங்க அத்தை."

வெளியே பால்காரரின் வண்டி நின்று, மணியடித்து, போய்விட்டது. அங்காத்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, மகனுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, மருமகளிடம் கையை நீட்டினாள்.

"எடு கண்ணு. எவ்வளவு வேணுமோ எடுத்துக்க. நாளைக்குன்னு வெச்சுக்காத, இப்பவே எடு."